1:9 பேரலில் 77 கிரெயின் நேராகப் போகிறது, 75 கிரெயின் படுத்துக்கொண்டு போகிறது. வேகம் போதவில்லையா?

வளையக்காரன்:

வணக்கம். என்னிடம் இருப்பது .223 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். 24 அங்குல பேரல், 1:9 முறுக்கு (உள்ளே இருக்கும் வரி 9 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று) என்று மேலேயே பொறித்திருக்கிறது. இதுவரை 77 கிரெயின் எடையுள்ள மேட்ச் (போட்டிக்கான) குண்டுதான் சுட்டு வந்தேன். 100 கஜத்தில் துளைகள் ஒன்றையொன்று தொட்டபடி விழும், ஒரு குறையும் கிடையாது. 600 கஜத்துக்குப் போகலாம் என்று நீண்ட கூர்முனை உள்ள 75 கிரெயின் குண்டு வாங்கினேன். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

துளை வட்டமாக விழவில்லை. பாதிக்கு மேல் நீள்வட்டம். சிலது முழுப் பக்கவாட்டில் மோதி, குண்டின் உருவமே தாளில் அச்சாகத் தெரிகிறது. குரூப் சிதறிக் கிடக்கிறது. இன்னொன்றும் கவனித்தேன். காலையில் 12 டிகிரி இருக்கும்போது மோசம். மதியம் 32 டிகிரி வந்ததும் கொஞ்சம் தேறுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் குழப்பம். வேகத்தை 720-ஆல் பெருக்கி முறுக்கால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும் இல்லையா? வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் 75 கிரெயின் 2750 அடி/நொடி காட்டுகிறது, அதாவது 2,20,000 சுற்று. 77 கிரெயின் 2700, அதாவது 2,16,000 சுற்று. எடை குறைவு, சுழற்சி கூடுதல், ஆனாலும் இதுதான் கவிழ்கிறது!

ரேஞ்சில் எல்லோரும் "வேகத்தைக் கூட்டு, சுழற்சி கூடும், சரியாகிவிடும்" என்கிறார்கள். அது உண்மையா? பேரலை மாற்றத்தான் வேண்டுமென்றால் 1:8-ஆ, 1:7-ஆ?

குழல்காப்பு:

விளக்கத்துக்குப் போகும் முன் இரண்டு அளவு வேண்டும்.

ஒன்று, உண்மையான முறுக்கு. பேரலில் பொறித்ததை அப்படியே நம்ப வேண்டாம். ரைபிள் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, போல்ட்டைக் கழற்றிவிடுங்கள். ராட் தானாகச் சுழலும்படி பேரிங் கைப்பிடி உள்ள கிளீனிங் ராடில் இறுக்கமான துணியைச் சுற்றி உள்ளே தள்ளுங்கள். ராடில் ஒரு சின்ன டேப் ஒட்டி அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டு, டேப் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அதே பக்கம் வரும் வரை தள்ள வேண்டும். அதற்குள் ராட் எத்தனை அங்குலம் உள்ளே போனதோ அதுதான் உங்கள் முறுக்கு. துணி வழுக்கினால் அளவு தப்பும், அதனால் சில தடவை செய்து பாருங்கள்.

இரண்டு, குண்டுகளின் நீளம். தோட்டாவின் மொத்த நீளம் அல்ல, குண்டு மட்டும். வெர்னியரில் அளந்து இங்கே போடுங்கள்.

பேரல் வாயில் அடி பட்டிருக்கிறதா, மஸில் பிரேக் (பேரல் வாயில் மாட்டும் உதைகுறைப்பான்) இருந்தால் குண்டு அதன் உள்விளிம்பில் உரசிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 77 ஒழுங்காகப் போவதால் அது காரணமாக இருக்காது. இருந்தாலும் பார்த்து ஒதுக்கிவிடுவது நல்லது.

வளையக்காரன்:

அளந்துவிட்டேன் அண்ணா. முறுக்கு 9 அங்குலமேதான். பேரல் வாய் சுத்தம், பிரேக் கிடையாது. நீளம்: 77 கிரெயின் 0.995 அங்குலம், 75 கிரெயின் 1.10 அங்குலம்.

தாள்மாற்றி:

தம்பி, விடை உங்கள் வெர்னியரிலேயே இருக்கிறது. எடையை மறந்துவிடுங்கள், நீளத்தைப் பாருங்கள்.

குண்டு பறக்கும்போது காற்று அதன் மேல் தரும் அழுத்தமெல்லாம் ஒரு புள்ளியில் கூடுகிறது. ரைபிள் குண்டில் அந்தப் புள்ளி ஈர்ப்பு மையத்துக்கு முன்னால், மூக்கை ஒட்டி இருக்கும். அதனால் மூக்கு ஒரு துளி விலகினாலும் காற்று அதை மேலும் தள்ளிக் கவிழ்க்கப் பார்க்கும். அம்புக்கு இந்தப் பிரச்சினை இல்லை. வால் இறகு அழுத்தப் புள்ளியைப் பின்னால் இழுத்துவிடுகிறது. குண்டுக்கு இறகு இல்லாததால் பம்பரம் மாதிரி சுழன்றுதான் நிமிர்ந்து நிற்க வேண்டும். நீளம் கூடக் கூட இரண்டு கேடு சேர்ந்து வருகிறது. அழுத்தப் புள்ளிக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் இடையே உள்ள தூரம் கூடி, காற்றுக்கு நெம்புகோல் நீள்கிறது. அதே சமயம் எடை ஈர்ப்பு மையத்தை விட்டு முன்னும் பின்னும் பரவுவதால், ஒரே சுழற்சிக்குக் கிடைக்கும் பிடிப்பும் குறைகிறது.

இப்போது வேகத்துக்கு வருவோம். "வேகம் கூடினால் சுழற்சி கூடும்" என்பது சரிதான். ஆனால் அது பாதிக் கதை. பேரலை விட்டு வரும்போது சுழற்சி வேகத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. குண்டை நிமிர்த்தும் திறன் சுழற்சியின் வர்க்கத்தில் கூடும். சரி, கவிழ்க்கிற காற்று? அதுவும் வேகத்தின் வர்க்கத்தில்தான் கூடுகிறது. மேலேயும் வர்க்கம், கீழேயும் வர்க்கம், இரண்டும் அடிபட்டுப் போகிறது. 2,20,000 சுற்று என்கிற எண் பெரிதாகத் தெரிகிறதே தவிர, அதை வைத்து ஒரு குண்டு நிலைக்குமா என்று சொல்ல முடியாது. ஒரு சுற்றுக்குள் குண்டு எத்தனை அங்குலம் முன்னே போகிறது என்பதுதான் கணக்கு. அதற்குப் பெயர்தான் முறுக்கு. வேகம் எதுவானாலும் பேரல் வாயில் அது மாறாது.

வேகத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஒலியைத் தாண்டிய வேகத்தில், மேலே போகப் போக கவிழ்ப்புக் குணகம் (காற்று எவ்வளவு எளிதாகக் கவிழ்க்கிறது என்கிற அளவு) கொஞ்சம் இறங்குகிறது. அதனால் சின்ன லாபம் உண்டு. எவ்வளவு சின்னது என்று, முறுக்கைக் கணிக்க டான் மில்லர் என்பவர் 2005-ல் வெளியிட்ட சூத்திரத்தை வைத்துப் பார்த்துவிடலாம்.

முறுக்கைக் குண்டின் விட்டத்தால் வகுத்தால் வருவது "மு". குண்டின் நீளத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது "நீ". அளவெல்லாம் அங்குலத்தில், எடை கிரெயினில்.

நிலைப்பு எண் = 30 × எடை ÷ (மு² × விட்டம்³ × நீ × (1 + நீ²))

இது 2800 அடி/நொடிக்கும், கடல் மட்டத்தில் 15 டிகிரி காற்றுக்கும் உள்ள விடை. வேறு வேகம் என்றால் அதை 2800-ஆல் வகுத்து, கனமூலம் எடுத்துப் பெருக்க வேண்டும். வேகத்தின் பங்கு கனமூலத்துக்குள் அடங்கிவிடுகிறது, கவனியுங்கள். எண் 1-க்குக் கீழே என்றால் குண்டு கவிழும். 1.5 இருந்தால் நிம்மதி.

உங்கள் 77 கிரெயினுக்கு 1.37 வருகிறது. 75 கிரெயினுக்கு 1.00. கத்தி முனையில் நிற்கிறது.

69 கிரெயினில் 0.90 அங்குல நீளமுள்ள மேட்ச் குண்டு ஒன்றை இதே பேரலில் போட்டால் 1.65-க்குப் பக்கம் வரும். எடை 77, 75, 69 என்று வரிசையாக இறங்குகிறது, நிலைப்பு 1.37, 1.00, 1.65 என்று தாறுமாறாக ஓடுகிறது. நீளத்தை வரிசைப்படுத்திப் பாருங்கள், உடனே பொருந்திவிடும். சூத்திரத்தில் நீளம் கிட்டத்தட்ட மூன்றாம் அடுக்கில் நிற்பதால், ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினதற்கே இந்த அடி.

இனி உங்கள் ரேஞ்ச் நண்பர்களின் யோசனை. 2750-ஐ 2950 ஆக்கினால் 1.00 என்பது 1.02 ஆகும். அவ்வளவுதான். அந்த 200 அடிக்காகத் தோட்டாவுக்குள் அழுத்தத்தை ஏற்றுவது ரைபிளுக்கும் உங்கள் முகத்துக்கும் ஆபத்து, தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அதே குண்டு 1:8 பேரலில் 1.27, 1:7 பேரலில் 1.65. முறுக்கு வர்க்கத்தில் வேலை செய்கிறது, வேகம் கனமூலத்தில். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசவே கூடாது.

காலை, மதியம் வித்தியாசத்தை நீங்கள் கவனித்ததற்கு ஒரு சபாஷ். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் கவிழ்க்கும் பலம் கூடுதல். 12 டிகிரிக்கும் 32 டிகிரிக்கும் இடையே நிலைப்பு எண் 7 சதவீதம் மாறும். 200 அடி வேகம் தருவதைப் போல மூன்று மடங்கு! உங்கள் குண்டு 1-க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடுகிறது. காலையில் 0.99, மதியம் 1.06. அதனால்தான் மதியம் தேறுகிறது. குணமானதாக நினைத்துவிடாதீர்கள், அடுத்த குளிருக்குத் திரும்பவும் கவிழும்.

இதே விஷயம் அமெரிக்க ராணுவத்தின் எம்16 துப்பாக்கியில் நடந்திருக்கிறது. ஆரம்பத்தில் அதன் பேரல் 1:14. 55 கிரெயின் குண்டுக்கு அது விளிம்பில்தான் நின்றது. கடுங்குளிரில் சோதித்தபோது குறி சிதறியது. 1963-ல் 1:12 ஆக்கினார்கள். நீளத்தைச் சுமார் 0.74 அங்குலம் என்று வைத்து மில்லர் கணக்கைப் போட்டால் 1:14-ல் 1.0 சுற்றி வரும்; மைனஸ் 40 டிகிரிக் காற்றில் 0.8-க்கு விழும். 1:12 என்றால் அந்தக் குளிரிலும் 1.1 நிற்கும். குண்டும் அதேதான், வேகமும் அதேதான், முறுக்கு மட்டும் இரண்டு அங்குலம் மாறியது.

நான் பல வருடமாக டார்கெட் குழியில் உட்கார்ந்து தாள் மாற்றுகிறவன். சுடுகிறவருக்கு ஸ்கோப்பில் தெரியாதது கிட்டத்தில் தெரியும். நன்றாக நிலைத்த குண்டின் துளையைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம் இருக்கும், பேரலின் கரியும் உலோகப் பொடியும் துடைத்துவிட்ட தடம். சுற்றிலும் ஒரே தடிமன். குண்டு சாய ஆரம்பித்தால் துளை இன்னும் வட்டமாகத்தான் தெரியும், ஆனால் அந்த வளையம் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மறைந்திருக்கும். நீள்வட்டமோ கீஹோலோ (குண்டு பக்கவாட்டில் மோதிய துளை) அதற்கு அப்புறம்தான் வரும். ஆகவே துளை வட்டமா என்று மட்டும் பார்க்காதீர்கள், தாளைக் கழற்றிக் கையில் வைத்து வளையத்தைப் பாருங்கள். உங்கள் 77-ன் தாளையும் அப்படி ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மெல்லிய ஜாக்கெட்:

தாள்மாற்றி சார் சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் 1:7 வாங்க ஓடுவார்கள், அதுதான் கவலை.

நான் பெஞ்ச்ரெஸ்ட் (ரைபிளை மேசைமேல் வைத்துச் சுட்டுத் துளைகளை நெருக்கும் போட்டி) ஆள். 6 மிமீ பிபிசி என்கிற தோட்டாவில் 68 கிரெயின் சுற்றளவில் தட்டைப்பின் குண்டுதான் போடுகிறோம், பேரல் 1:13.5 அல்லது 1:14. வேண்டுமென்றே மெதுவான முறுக்கு. காரணம், எந்தக் குண்டும் நூற்றுக்கு நூறு சமநிலையில் இருப்பதில்லை. ஜாக்கெட் (குண்டின் ஈயத்தை மூடிய உலோக உறை) ஒரு பக்கம் மயிரிழை தடித்திருந்தால் ஈர்ப்பு மையம் அச்சை விட்டு விலகும். பேரலுக்குள் குண்டு பேரலின் அச்சில் சுழல்கிறது. வெளியே வந்ததும் தன் ஈர்ப்பு மையத்தில் சுழல்கிறது. மாறுகிற அந்தக் கணத்தில் பக்கவாட்டில் ஒரு உதை. விலகல் அங்குலத்தில் பத்தாயிரத்தில் 2 பங்கு என்று வைத்தால், 100 கஜத்தில் 1:14 பேரல் அதை 0.32 அங்குலம் தள்ளும். 1:7 பேரல் சரியாக இரண்டு மடங்கு, 0.65. துளைக்குள் துளை விழ வேண்டிய விளையாட்டில் இது வாழ்வா சாவா. இதிலும் வேகம் வராது, முறுக்குதான்.

வேகம் நேராகக் கடிக்கிற இடம் ஒன்று உண்டு, அது ஜாக்கெட். மெல்லிய ஜாக்கெட் உள்ள லேசான குண்டை 1:7-ல் 3500 அடி/நொடிக்குத் தள்ளினால் நிமிடத்துக்கு 3,60,000 சுற்று. மையவிலக்கில் ஜாக்கெட் கிழிந்து, டார்கெட்டுக்குப் போகும் வழியிலேயே குண்டு சாம்பல் புகைக்கோடாக மறைந்துவிடும். தாளில் துளையே இருக்காது. சுற்று எண்ணிக்கையைப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

தாள்மாற்றி:

மெல்லிய ஜாக்கெட் சொல்வது முழுக்க நியாயம். தேவைக்கு மேல் முறுக்கு வேண்டாம். ஆனால் தேவை என்ன என்பதை விளையாட்டுதான் முடிவு செய்யும். பெஞ்ச்ரெஸ்டில் 100, 200 கஜம், குட்டைக் குண்டு. தம்பி போவது 600 கஜம், நீளக் குண்டு. 1-க்கும் 1.5-க்கும் நடுவில் இருக்கும் குண்டு கவிழாது, துளையும் வட்டமாக விழும், ஆனால் மூக்கு லேசாக ஆடிக்கொண்டே போவதால் காற்றுத் தடை கூடுகிறது. பாலிஸ்டிக்ஸ் ஆய்வாளர் பிரையன் லிட்ஸ் செய்த சோதனைகளிலும் 1.5-க்குக் கீழே பாலிஸ்டிக் குணகம் (காற்றுத் தடையைத் தாண்டிப் போகும் திறன்) குறைவது தெரிந்திருக்கிறது. நீளக் குண்டு வாங்குவதே அந்தக் குணகத்துக்காகத்தான். அதை முறுக்கில் கோட்டை விட்டால் என்ன பயன்? அதனால் இந்த 75 கிரெயின்தான் வேண்டும் என்றால் 1:7. 77-லேயே இருப்பீர்கள் என்றால் 1:8 தாராளம், 1.73 வரும்.

முறுக்குத் தவறாகத் தேர்ந்தால் துப்பாக்கியின் பெயரே கெடும் என்பதற்கு .244 ரெமிங்டன் தோட்டா ஒரு சாட்சி. 1955-ல் வின்செஸ்டர் .243-ஐ 1:10 பேரலோடு விட்டது, ரெமிங்டன் .244-ஐ 1:12 பேரலோடு விட்டது. ரெமிங்டன் மனதில் வைத்தது லேசான குண்டு. வாங்கியவர்களோ 100 கிரெயினும் சுட வேண்டும் என்றார்கள். .243 ஓடியது, .244 படுத்தது. பின்னால் 1:9 ஆக்கி, 6 மிமீ ரெமிங்டன் என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தும் விட்ட இடத்தைப் பிடிக்க முடியவில்லை.

செம்புக் குண்டுக்கு மாறுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. செம்பு ஈயத்தைவிட லேசு, அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். எடையைப் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

வளையக்காரன்:

இப்போதுதான் தெளிவு வந்தது அண்ணா. 77-ன் பழைய தாளை எடுத்துப் பார்த்தேன், சாம்பல் வளையம் எல்லாத் துளையிலும் சுற்றிச் சமமாக இருக்கிறது. 75-ன் தாளில் வட்டமாக விழுந்த துளைகளில்கூட ஒரு பக்கம் தடித்திருக்கிறது!

கடைசியாக ஒன்று. 600 கஜம் போவதற்குள் குண்டின் வேகம் ரொம்பக் குறையுமே. 100 கஜத்தில் நிலைத்த குண்டு அங்கே போய்க் கவிழாதா?

தாள்மாற்றி:

கவிழாது. காற்று முன்னோக்கிய வேகத்தைத்தான் வேகமாகத் தின்கிறது. சுழற்சி மெதுவாகத்தான் குறையும். கவிழ்க்கும் பலம் வேகத்தோடு சரிந்துவிட, நிமிர்த்தும் சுழற்சி பெரும்பகுதி அப்படியே இருக்கும். எனவே போகப் போக நிலைப்பு எண் ஏறும். குண்டுக்குக் கண்டம் பேரல் வாய்தான், அங்கே தாண்டினால் இந்த வகையில் அப்புறம் பயமில்லை.

விதிவிலக்கு, ஒலி வேகத்தை நெருங்கும் இடம். 15 டிகிரியில் ஒலி 1116 அடி/நொடி. 1340 சுற்றி இறங்கும்போதே குண்டின் மேல் அதிர்வலைகள் இடம் மாற ஆரம்பித்து, அழுத்தப் புள்ளி நகரும். சின்ன ஆட்டம் அடங்காமல் பெரிதாகலாம். .308 ரைபிளில் சியரா நிறுவனத்தின் 168 கிரெயின் மேட்ச்கிங் குண்டு இதற்குப் பேர் போனது. அதன் பின்பக்கச் சரிவு 13 டிகிரி, ஒலி வேகத்துக்கு இறங்கும்போது தடுமாறும். 175 கிரெயினில் சரிவு 9 டிகிரி, அது சமாளித்துப் போகும். அது குண்டின் வடிவத்துக்கு உள்ள குணம், முறுக்கைக் கூட்டி அதைச் சரிசெய்துவிட முடியாது. உங்கள் 77 கிரெயின் 600 கஜத்தில் அந்த எல்லையைத் தொடாது.

பேரல் மாற்றும் வரை 77-லேயே 600 சுடுங்கள். வலமுறுக்குப் பேரல் என்றால் குண்டு சில அங்குலம் வலப்பக்கம் ஒதுங்கும், அதைக் காற்று என்று நினைத்துத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். மீதி இருக்கும் 75 கிரெயின் டப்பாவை 1:7 பேரல் வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அவர் கையில் அது பிரமாதமாகப் போகும்.